வெடித்த குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை செல்லூரில் குக்கர், கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் சமயநல்லூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். குக்கர் மூடி பறந்து, கொதிக்கும் பருப்பு அவருடைய அம்மாவின் கழுத்திலும் கையிலும் கொட்டியிருக்கிறது. குக்கர் எங்கே என்றேன். "கடைக்காரர் அதை வாங்கிக்கிட்டு புதுசு கொடுத்துட்டாருண்ணே. இது சரியா இருக்கான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. சேஃப்டி வால்வின் நடுவில் சூட்டில் உருகும் உலோகத் துண்டு இருக்க வேண்டும். பருப்புத் தோல் விசில் துளையை அடைத்தாலும், அது உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். ஆணியால் சுரண்டினேன். முழுப் பித்தளை; நடுவில் வட்டமாகக் கீறல் மட்டும் போட்டிருந்தார்கள்! இதை என்னவென்று சொல்வது?

"கம்பெனியிடம் கேளுங்கள்" என்று அவரிடம் கடையில் சொன்னார்களாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. தயாரித்தவர் கிடைத்தால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் காயம்பட்டது என்று காட்டினால் போதும். பழுது பார்க்கும் என் போன்றவர்களையும் பிரிவு 85 விட்டுவைக்கவில்லை. அது நியாயம்தான். மட்டமான வால்வை மாட்டிக் கொடுத்தால் நானும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் குறையைக் காட்டப் பொருள் கையில் இருக்க வேண்டுமே. வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். புதுசு தருகிறோம் என்று வெடித்ததை வாங்கிக்கொள்வது சாட்சியையே வாங்கிக்கொள்வதுதான். குக்கர், மூடி, வால்வு எதையும் கழுவாமல் எடுத்து வையுங்கள். பில்லும் மருத்துவமனைச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் நம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

ஐ.எஸ்.ஐ. இல்லாத குக்கர் விற்க 2021 பிப்ரவரி முதல் தடை. என் கடைக்கோ அவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. சித்திரைத் திருவிழாக் கூட்டம் பாத்திரக் கடைகளுக்கு வருவதற்குள் அதிகாரிகள் ஒரு சோதனை நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
குக்கர் பழுது பார்ப்பவர்,
செல்லூர், மதுரை