ரிப்பரைப் பிடிப்பது இருக்கட்டும், குழியை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழமைக்கு ஒரு தடவையாவது உங்கள் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய ரிப்பர் லொறி மடக்கிப் பிடிப்பு, சாரதி கைது, வாகனம் நீதிமன்றத்தில். பக்கத்தில் ஒரு படம். அதில் ரிப்பரின் பின்பக்கம் தெரியும், மணல் தெரியாது. 34 வருசமாக மேசன் வேலை செய்கிறவன் நான். எனக்குப் பார்க்க வேண்டியது அந்த மணலைத்தான். எந்த இடத்து மணல், எத்தனை அடி ஆழத்திலிருந்து வந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

வேலைத்தலத்தில் ஒரு லோட் மணல் வந்து பறித்தால் நான் முதலில் செய்வது இதுதான். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அரைவாசிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மூடிக் குலுக்கி நிழலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவேன். உப்பு போட்டால் கலங்கல் கெதியாக இறங்கும். திரும்பி வரும்போது மணல் அடியில் நிற்கும், மண்டி அதற்கு மேல் ஒரு படையாகப் படிந்திருக்கும். படை நூல் கனம் என்றால் கொங்கிறீற்றுக்குப் போடலாம். விரல் கனத்துக்கு வந்தால் சீமெந்து மணலைப் பிடிக்காது, பூச்சு வெடிக்கும். 2012இல் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்துக் கனகராயன் ஆற்று மணலில் நூல்தான் நின்றது. போன வருசம் அதே ஆற்றிலிருந்து வந்த லோட்டில் என் சின்னவிரல் கனம். மணலை உள்ளங்கையில் தேய்த்தால் களி ஒட்டுகிறது. மேலே கிடந்த மணல் முடிந்து அடிக்களியைச் சுரண்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கலாம். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அதற்குள் ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். நானும் என்னோடு நின்ற பொடியளும் 41 வீடு கட்டி முடித்தோம். சீமெந்துக் கல் அரிந்தது, அத்திவாரம், சுவர், பூச்சு, நிலம் எல்லாம் சேர்த்தால் என் கணக்கில் வீட்டுக்கு 12 கியூப் மணலுக்குக் குறையாது. கியூப் என்பது 100 கன அடி. 41 வீட்டுக்கு 49,200 கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. என் சாந்தகப்பை ஒன்றே ஒரு ஏக்கர் ஆற்றை ஓரடிக்கு மேல் தின்றிருக்கிறது. மரநிழலில் கிடந்த குடும்பங்களுக்கு வீடு வேண்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்த வீடுகளுக்கு நிலம் நிரவவும் கிறவல் போட வேண்டிய இடத்தில் நல்ல ஆற்றுமணலைக் கொட்டினோமே, அது பிழை. மணல் மலிவாக இருந்தது, கொட்டினோம்.

ஆற்றில் எடுத்தால் மாரிக்கு ஆறு திரும்பக் கொண்டுவரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து கனகராயன்குளம், மாங்குளம் என்று காட்டுக்குள்ளால் வந்து இரணைமடுக் குளத்தில் விழுகிறது. குளத்துக்குக் கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் வழியாகச் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. பெருமணல் தண்ணீரோடு மிதந்து வருவதில்லை, அடியால் உருண்டு வருவது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் அப்படியே இருந்துவிடும். ஆறு குளத்துக்குள் இறங்கும் வாயில் ஓட்டம் தளர்கிறது. அங்கேதான் மணல் நிற்கும். குளம் நிரம்பி வான் பாயும்போது கீழே வருவது தண்ணீரும் கலங்கலும். இரணைமடு வேலை தொடங்கியது 1902இல். நூறு வருசமாக மேலிருந்து வந்த மணலைக் குளம் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. கீழே நாங்கள் அள்ளுவது அதற்கு முந்திய காலத்துச் சேமிப்பு. இடையில் ஒன்றிரண்டு ஓடைகள் சேருகின்றனதான், ஆனால் அவை கொண்டுவருவது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றின் அரைநாள் வேலைக்குக் காணாது.

2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வான்கதவுகளைத் திறந்த அந்த இரவு எங்கள் வளவின் பின்பக்கம் 14 அடி கரை போனது. கரையில் என் அப்பு காலத்து மருதமரம் நின்றது. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் அது வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது, நாலாம் நாள் விழுந்தது. மழைதான் காரணம் என்றார்கள். அதே வெள்ளம் எங்களுக்கு மேலே, ஒருவரும் தோண்டாத வளைவில் கரையைத் தொடவில்லை. ஆற்றடியில் ஆழக்குழி ஒன்று இருந்தால் வெள்ளம் குழியின் மேல் விளிம்பை அரித்து அரித்து மேலே ஏறும், பக்கக் கரையும் காலில்லாமல் சரியும். அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினால் சுவர் என்ன செய்யுமோ, அதேதான். ஊரியான் பக்கம் இன்னொரு தொல்லை. ஆற்றடி தாழத் தாழக் களப்பின் உப்பு மேலே ஏறுகிறது. அங்கே மருமகள் வீட்டுக் கிணற்றில் ஆவணிக்குப் பிறகு அரிசி கழுவக்கூட முடியாது.

என் அக்காவின் மகன் ஒருவன் ரிப்பர் ஓடுகிறான், நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஒருநாள் அவனை ஏசினேன். "மாமா, நான் ஓடாட்டி இன்னொருத்தன் ஓடுவான். பேப்பரில மூண்டு கியூப், பெட்டியில நாலரை. ஒரே பேப்பரில ரெண்டு நடை. இதெல்லாம் நானே போட்ட சட்டம்?" என்று கேட்டான். பேப்பர் என்று அவன் சொன்னது அனுமதிப்பத்திரத்தை, பெட்டி என்றது ரிப்பரின் மணற்பெட்டியை. பெட்டிக்கு மேல் பலகை உயர்த்தி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் மறியலுக்குப் போவது அவன்.

2019 டிசம்பரில் மணல் ஏற்ற அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது எங்கள் ஒழுங்கையில் இரவு முழுக்க நித்திரை இல்லை. பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனிப்பொருள் அரசுக்குச் சொந்தம், அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். எல்லாம் சரி. ஆனால் வாகனத்தில் கியூப் எண்ணினால் கணக்கு ஒருநாளும் சரிவராது. பலகை ஒரு பக்கம் இருக்கட்டும், மணலே ஏமாற்றும். காய்ந்த மணலில் ஒரு தாச்சி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறி, திரும்ப அள்ளிப் பாருங்கள். ஒன்றேகால் தாச்சி வரும். ஈரமணல் ஊதும். (வீடு கட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், விடியப்புறம் ஈரத்தோடு வரும் லோட்டுக்கு முழுக்காசு கொடுக்காதீர்கள்.)

குழியை அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு கரையிலும் கொங்கிறீற் கட்டை நட்டு, நீர்மட்டக் குழாயால் மட்டம் பிடித்து, குறுக்கே நைலோன் கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு தடவை ஆற்றடிக்குத் தடி இறக்கி எழுதினால் போதும். இரண்டு மேசன்மாருக்கு அரைநாள் வேலை. நான் செய்து பார்த்தேன். என் வளவுக்கு நேரே 2019 ஆவணியில் கயிற்றிலிருந்து நடு ஆறு 7 அடி. போன ஆவணியில் 12 அடி. அனுமதி கொடுக்க முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை இப்படி அளந்து, இத்தனை அடிக்குக் கீழே போனால் அந்த இடம் மூடல் என்று பலகை போட்டால், ஊர்ச்சனமே பார்த்துக்கொள்ளும்.

மணல் வேண்டுமே என்பார்கள். வேண்டும். அதைக் குளத்துக்குக் கீழே தேடாமல், ஆறு குளத்துக்குள் இறங்கும் வாயில் கோடைக்கு எடுங்கள். அங்கே எடுத்தால் மாரிக்குத் திரும்ப வரும், குளத்திலும் அந்தளவு தண்ணீர் கூடப் பிடிக்கும். ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "குளத்துக்குள் பெக்கோ இறக்கச் சொல்கிறாயா, குளக்கட்டு என்னாவது?" என்று கமக்காரர் ஒருவர் எழும்பிவிட்டார். அவர் பயம் நியாயம். கட்டுப் பக்கம் தொடவே கூடாது. காடும் வெட்டக்கூடாது. எங்கிருந்து எங்கே மட்டும் என்று கோடு போடவேண்டியது நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள். சட்டத்தில் கையால் அகழ்பவருக்கென்று தனி அனுமதி இருக்கிறது. அந்த வாயில் மண்வெட்டியும் உழவு இயந்திரமும் மட்டும் என்று வைத்தால் எங்கள் பொடியளுக்கு நாட்சம்பளமாவது மிஞ்சும்.

கல் அரிவதற்குக் கல்லுடைக்கும் ஆலைத் தூளை அரைவாசி கலந்தும் பார்த்தேன். நல்லாக நிற்கிறது. தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும், பூச்சுக்குச் சரிவராது.

உங்கள் நிருபர் வருவதென்றால் ஐப்பசிக்கு முன் அனுப்புங்கள். ஆறு நிரம்பிவிட்டால் குழி தெரியாது. கயிறும் கட்டையும் நட்டபடியே இருக்கின்றன. 2012இன் போத்தலும் போன வருசத்துப் போத்தலும் யன்னல் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், படம் எடுக்கலாம்.

இப்படிக்கு,
மேசன் ஒருவர்,
கண்டாவளை.