வலது சொடுக்கில் ஓர் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய லிப்ரே ஆபிஸ் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கருவிப்பட்டையில் ஐகானோடு அதன் பெயரையும் காட்டும் வசதி உங்கள் அலுவலக மென்பொருள் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ், அதில் டூல்பார்ஸ் பகுதி, அங்கே எந்தப் பட்டை என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால்தான் ‘ஐகான் மட்டும்’, ‘எழுத்து மட்டும்’, ‘இரண்டும்’ என்ற தேர்வுகள் கண்ணில் படுகின்றன. அதுவும் அந்த ஒரு பட்டைக்குத்தான். அடுத்த பட்டைக்கு மறுபடி முதலிலிருந்து.

பட்டையின் மேலேயே வலது சொடுக்கு செய்தால் வரும் மெனுவில் பட்டையைப் பூட்டலாம், மூடலாம். பெயரைக் காட்டச் சொல்ல மட்டும் வழியில்லை. லினக்ஸில் ஓடும் கேடிஇ செயலிகளிலும் மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரிலும் இந்தத் தேர்வு அந்த வலது சொடுக்கில்தான் இருக்கிறது. 2023-இல் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலி, 115ஆம் பதிப்பில் தன் பட்டையைப் புதிதாகக் கட்டியபோதுகூட ஐகானுக்குக் கீழே எழுத்து, பக்கத்தில் எழுத்து, ஐகான் மட்டும், எழுத்து மட்டும் என்று நான்கையும் வைத்தது.

தோற்றத்துக்காக நீங்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2019-இல் 6.2 பதிப்பில் பொத்தான்களைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் வடிவம் வந்தது. கோலிப்ரே, பிரீஸ், சிஃபர் என்று ஐகான் தொகுப்புகளையும் மாற்றிக்கொள்ளலாம். அழகுதான். ஆனால் வடிவமைப்பை நகலெடுக்கும் அந்தத் தூரிகை எதற்கு என்றே தெரியாதவருக்கு, தூரிகையின் நிறம் மாறி என்ன ஆகப்போகிறது? சுட்டியை மேலே நிறுத்தினால் பெயர் வருமே என்பீர்கள். வரும், ஒவ்வொன்றாக. உங்கள் சொல்செயலியான ரைட்டரின் பட்டையில் எத்தனை ஐகான்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் பெயர் போட்டால் பட்டை நீண்டு, கடைசிப் பொத்தான்கள் ஓரத்து அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பதும் உண்மை. தமிழ் இடைமுகத்தில் பெயர்கள் நீளம், சிக்கல் இன்னும் கூடும். இதற்கு, லினக்ஸ் செயலிகளின் இடைமுகத்தைக் கட்டப் பயன்பட்ட ஜிடிகே 2 நிரலகத்தின் காலத்திலேயே ஒரு தீர்வு இருந்தது: முக்கியம் என்று குறித்த பொத்தான்களுக்கு மட்டும் பக்கத்தில் பெயர். பழைய ஜிஎடிட் உரைத்திருத்தியில் ஓப்பன், சேவ் இரண்டும் பெயரோடு நிற்கும். பிரிண்ட் வெறும் ஐகானாக இருக்கும். யாருக்கும் குழப்பமில்லை, இடமும் மிச்சம். இதை நான்காவது தேர்வாகச் சேர்த்தால், எனக்குத் தெரிந்து பெரும்பாலோர் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

தேர்வுகள் கூடக்கூடப் பராமரிப்புச் சுமையும் கூடும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் 2014-இல் 29ஆம் பதிப்பில் இப்படிப்பட்ட தேர்வுகளை எடுத்தே விட்டது. ஆனால் நீங்கள் எடுக்கவில்லை. எழுதி, சோதித்து, உள்ளே வைத்திருக்கிறீர்கள். இருக்கும் அந்த மூன்று தேர்வுகளையும் வலது சொடுக்கு மெனுவுக்குக் கொண்டுவாருங்கள், கூடவே ‘எல்லாப் பட்டைகளுக்கும்’ என்று ஒரு வரி. நான்காவது மெதுவாக வரட்டும்.

இயல்பு நிலையை மாற்றச் சொல்லவில்லை. ஐகான் மட்டும் போதும் என்பவர்களுக்கு இப்போதிருப்பது அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு ரைட்டர் பயனர்