காட்டுக்கறி வெந்துவிட்டால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலைக்காட்டையும் மக்காச்சோளத்தையும் ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகளின் கோபம் முற்றிலும் நியாயமானது. விதைத்த நாள் முதல் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிக் காவல் காத்தும், அறுவடைக்கு முந்தைய வாரம் முக்கால் ஏக்கரைப் பறிகொடுத்தவரிடம் போய்ப் பன்றிக்குப் பரிந்து பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் அக்கடிதங்களில் ஒன்று, அடித்த பன்றியைப் புதைப்பது வீண் என்றும், நன்றாக வேகவைத்துவிட்டால் எந்தக் கிருமியும் மிஞ்சாது என்றும் முடிந்திருந்தது. இந்த மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, அந்த ஒரு வரியை மறுக்காமல் விட மனம் வரவில்லை.

வேகவைத்தால் பல கிருமிகள் சாகும் என்பது உண்மைதான். பன்றியின் தசைக்குள் சுருண்டு கிடக்கும் டிரிக்கினெல்லா என்னும் இளம்புழு, கறியின் உட்புறச் சூடு 71 டிகிரி செல்சியசை எட்டினால் பிழைக்காது. வயற்காட்டில் மூன்று கல்லைக் கூட்டி, விறகு போட்டு, அவசர அவசரமாக வாட்டும் தொடைக்கறி மேலே கருகியும் எலும்பு ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சூடு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்திருக்கும். அதை விடுவோம், வீட்டில் பொறுமையாக வேகவைத்ததாகவே வைத்துக்கொள்வோம். சட்டியில் விழும் முன்னால் அந்தக் கறி எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்பதை அந்த வாசகர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு பன்றி விழுந்தால் என்ன நடக்கும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியும் முன் தோப்புக்குள் இழுத்து வந்து, காய்ந்த பனையோலையைக் கொளுத்தி மயிரைப் பொசுக்குகிறார்கள். மஞ்சளைத் தேய்த்துக் கழுவிய பின் ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் வயிற்றைக் கிழிக்கிறார். கருவேலமுள் கீறிய விரல்களோடு, கையுறை எதுவும் இல்லாமல், முழங்கை வரை ரத்தத்தில் நனைந்தபடி குடலை உருவிப் போடுகிறார்கள். கறி கூறு கூறாகப் பங்கு வைக்கப்பட்டு வீடுகளுக்குப் போகிறது. குடலை அலசும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. புரூசெல்லா என்னும் நுண்ணுயிர் உடலுக்குள் நுழைய இந்தக் கீறல் ஒன்றே போதும். கண்ணில் தெறிக்கும் ஒரு துளி ரத்தமும் போதும். வந்து வந்து போகும் காய்ச்சல், இடுப்பிலும் மூட்டிலும் தீராத வலி என்று மாதக்கணக்கில் இழுக்கும் அந்த நோயை டைபாய்டு என்று நினைத்து மருந்து தின்று அலைந்தவர்களை நான் அறிவேன். எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராவும் விலங்கின் சிறுநீர் கலந்த ஈரத்தின் வழியாக இப்படித்தான் தோலுக்குள் புகுகிறது. இவர்களில் யாரையும் அடுப்பின் சூடு காப்பாற்றப் போவதில்லை. கறியை ஒரு துண்டுகூட வாயில் வைக்காதவருக்கும் நோய் வரலாம்.

பன்றியின் நாடாப்புழு இதற்கு இன்னொரு சான்று. பச்சரிசி மணி போன்ற வெண்கட்டிகள் உள்ள கறியை அரைவேக்காடாகத் தின்றவரின் குடலில் புழு வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாமலே போகலாம். ஆனால் அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள் கழுவாத கை வழியாகவோ தோட்டத்துக் கீரை வழியாகவோ வீட்டில் இருக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால், அவை மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பாக வெளிப்படும். கறி தின்றவர் ஒருவர், வலிப்பு வந்து விழுவது இன்னொருவர் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேட்டைக்குப் போன நாய்களுக்குப் பச்சை ஈரலையும் குடலையும் வீசி எறியும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ, அந்த நாயைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்ப்பவர்கள் நம்மவர்கள். ஈரலில் நீர் கோத்த கட்டி இருந்தால் அது எக்கினோகாக்கஸ் என்னும் புழுவின் கட்டியாக இருக்கலாம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு முதிர்ந்து, முட்டைகள் அதன் மலத்தோடு வெளியேறி மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த நாயைக் கட்டிக்கொண்டு விளையாடும் குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ சில ஆண்டுகள் கழித்துக் கட்டி தெரியும்போது, வேட்டை நடந்த நாள் யாருக்கு நினைவிருக்கும்?

எல்லாவற்றிலும் கொடியது ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய். பணியில் இருந்த காலத்தில், திடீரென்று செத்துப்போன ஆட்டைத் தோலுரித்த ஒருவர், விரலில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு புண்ணை என்னிடம் காட்டினார். சுற்றிலும் வீங்கியிருந்தது, வலிக்கிறதா என்று கேட்டேன், வலியே இல்லை என்றார். அந்தப் பதில்தான் என்னைக் கலங்கச் செய்தது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதால் ஊசி மருந்தில் குணமானார். அதே ஆட்டின் கறி அதற்குள் நான்கு வீடுகளில் குழம்பாகியிருந்தது; அந்த வீடுகளுக்கெல்லாம் நாங்கள் ஓடிய ஓட்டத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அடைப்பான் கிருமியின் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டுக்கு அடங்குபவை என்று நம்பக் கூடாது. மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கவும் அவற்றால் முடியும். ஆட்டுக்கு வருவது காட்டு விலங்குக்கும் வரும். கேரளத்தின் அதிரப்பள்ளி வனப்பகுதியில் 2022-ல் காட்டுப்பன்றிகள் அடைப்பானால் செத்தன. செத்துக் கிடக்கும் விலங்கின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருரத்தம் கசிந்திருந்தால், அதன் மேல் கத்தியே படக் கூடாது.

மனிதரைத் தொடாத நோய்க்கும் இதில் இடம் உண்டு. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் மடிந்தன. அந்த நோய் கறி தின்றவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வைரஸ் இறைச்சியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கழித்துப் போட்ட தோலும் எலும்பும் பக்கத்து ஊரில் வெண்பன்றி வளர்ப்பவரின் பண்ணையை எட்டினால், அவர் கடன் வாங்கிப் போட்ட முதல் முழுவதும் சில நாள்களில் அழியும். தடுப்பதற்கு நம் ஊரில் அவருக்குத் தடுப்பூசி கிடையாது.

காட்டில் மூலிகை மேய்ந்து வளர்ந்த உயிருக்கு நோய் வராது என்று வயதில் பெரியவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். இன்று நாம் பார்க்கும் பன்றி மூலிகையை மட்டும் மேய்வதில்லை. ஊர் எல்லையில் கொட்டும் கோழிக்கழிவும், கண்மாய்க்கரையில் வீசப்பட்ட செத்த ஆடும், திறந்தவெளியில் கிடக்கும் மலமும் அதற்கு இரைதான். ஆட்டுத்தொட்டியில் அறுக்கும் ஆட்டை, அறுப்பதற்கு முன்னும் பின்னும் மருத்துவர் பார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். காட்டுக்கறிக்கு அப்படிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் கொலராடோவில் 1967-ல் முதன்முதலில் காணப்பட்ட ஒரு நோய், மான்களை எலும்பும் தோலுமாக்கிக் கொல்கிறது. திரிந்துபோன ஒரு புரதமே அதற்குக் காரணம் என்பதால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. அந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தும், நோய் பரவியுள்ள பகுதிகளில் சுட்ட மானைச் சோதித்துப் பார்க்கும்படியும், நோய் உறுதியானால் உண்ண வேண்டாம் என்றும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. அங்கே வேட்டையாடியவர் மாதிரியை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போக முடியும். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் பயத்தினாலேயே நோயுற்ற விலங்கு ரகசியமாக அறுபட்டு, ரகசியமாகத் தின்னப்பட்டு, காய்ச்சலில் படுத்தவர் மருத்துவரிடம்கூட எதை அறுத்தேன் என்று சொல்லாமல் மறைக்கும் நிலை இருக்கிறது. மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் கிடைத்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

ஆகவே காட்டுக்கறியை உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அறுக்கும் கைக்கும் அலசும் கைக்கும் பயந்து சொல்கிறேன். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அப்படிச் சுடப்படும் ஒவ்வொரு பன்றியிலிருந்தும் கால்நடைத் துறை மாதிரி எடுத்துச் சோதிப்பதும், உடலைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைப்பதும் கட்டாயமாக வேண்டும். முடிவுகளை அந்தந்த ஊராட்சிக்குத் தமிழிலேயே தெரிவிக்கவும் வேண்டும்.

கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண் இன்று ஆடு மேய்க்கும் சிறுவனுக்குக்கூட மனப்பாடம். செத்துக் கிடக்கும் பன்றியையோ மானையோ பார்த்தவர் அதே எண்ணில் சொல்லவும், சொன்னவர் மீது விசாரணை எதுவும் வராது என்ற உறுதியை எழுத்தில் பெறவும் மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். சிவராத்திரியையொட்டி ஊரார் சேர்ந்து காட்டுக்குப் போகும் பாரிவேட்டை வழக்கமுள்ள ஊர்களில், அந்த மாசி மாதச் சிவராத்திரிக்கு முன்னதாக வரும் ஜனவரி 26 கிராமசபைக் கூட்டத்திலேயே இதை வாசித்துக் காட்டினால், கத்தி எடுப்பதற்கு முன்பே செய்தி அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.