பத்து தீகாவில் ஓடிய காடிகளுக்கும் ஓர் இடம்

கிளாசிக் டூரிங் கார்களுக்கு, அதாவது சாலையில் ஓடும் மாடல்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்த பழைய கார்களுக்கு, ஒரு பந்தய சீசன் நடத்த நினைக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும், விதிகளைப் பார்த்து ஒப்புதல் தரும் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் செந்தூலில் சின்னதாக ஒரு காடிப் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகப் போர்மேன், அதாவது மெக்கானிக் வேலை. பழைய காடிகளுக்கென்று செப்பாங் பந்தயப் பாதையில் தனி சீசன் வேண்டும் என்ற பேச்சு இப்போது தே தாரிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. நல்ல பேச்சுதான். ஆனால் நீங்கள் விதிப்புத்தகம் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காடிகளை மனத்தில் வைத்து எழுதப் போகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பழைய கார் நிகழ்ச்சிக்கு எங்கள் டட்சன் 120ஒய்யைக் கொண்டுபோனேன். எந்த நிகழ்ச்சி என்பதை விடுங்கள். விடியற்காலை நான்கரைக்கே லோரியில் ஏற்றிக் கிளம்பி, பசியாறக்கூட இல்லாமல் சோதனை வரிசையில் நின்றோம். கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜைத் தட்டிப் பார்த்தார்கள், சரி. தீயணைப்பான், சீட் பெல்ட், சரி. பானெட்டைத் திறந்ததும்தான் சோதனை செய்த தம்பியின் முகம் மாறியது. கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், இருப்பது ஏ12 என்ஜின், 1,171 சிசி. பிளாக்கில் குத்தியிருப்பது ஏ15. “அங்கிள், இது ஒரிஜினல் இல்லையே. அந்தக் காலத்து ஹோமோலோகேஷன் பேப்பர் வச்சிருக்கீங்களா?”

இந்த மாடல் இந்த என்ஜினோடு பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது என்று காட்டும் பேப்பராம்! அந்தக் காடியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கார்புரேட்டர் ஜெட் நம்பரையே சிகரெட் பெட்டி அட்டையில்தான் எழுதி வைப்பார். ஏ12 பிளாக் விரிசல் விட்டபோது பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடையில் கிடைத்தது ஏ15. அதே குடும்பத்து என்ஜின், அதிகம் வெட்டி ஒட்டாமல் உட்கார்ந்தது, மாட்டினோம். இந்த நாட்டில் பழைய காடி உயிரோடு இருக்கிறதென்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பட்டியல் அப்படி.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் ‘அப்பெண்டிக்ஸ் கே’ விதிகள், பழைய பந்தயக் கார் அதன் காலத்து அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் அது நியாயம். அங்கே தொழிற்சாலைகளே அணி வைத்து ஓட்டின, எல்லாவற்றுக்கும் பத்திரம் இருக்கிறது. 1982இல் வந்த குரூப் ஏ என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி, பன்னிரண்டு மாதத்தில் 5,000 கார் கட்டினால்தான் அந்த மாடல் பந்தயத்துக்குத் தகுதி. பிஎம்டபிள்யூ எம்3 பிறந்ததே அந்தக் கணக்குக்காகத்தான். அழகான காடி, மறுக்கவில்லை. ஆனால் எம்3யும் ஃபோர்ட் சியராவும் வைத்திருப்பவர்களை மட்டும் கூட்டினால் உங்களுக்கு எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களிலும் பாதிப் பேர் கீறல் விழுந்துவிடுமோ என்று வெளியே எடுக்கவே மாட்டார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. பத்து தீகா பந்தயப் பாதை 1968இல் திறந்தது. அப்பா அப்போது பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பந்தய நாளில் லயத்தில் இருந்தே சத்தம் கேட்குமாம். ரோட்டரி என்ஜின் மாஸ்டா வந்தால் குளவிக்கூட்டைக் கலைத்தது மாதிரி இருக்கும் என்பார். டிக்கெட்டுக்குக் காசில்லாத நாட்களில் மேட்டில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். அங்கே ஓடியவற்றில் பாதி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிற காடிகள். ஞாயிறு பின்சீட்டைக் கழற்றுவார்கள், திங்கள் மாட்டுவார்கள். அந்தப் பாதை இன்று இல்லை. இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கே தாங்கள் ஒரு காலத்து வளைவின்மேல் சமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியுமோ என்னவோ.

ஆகவே என் கோரிக்கை இது: விதியை நம் காடிகளை வைத்து எழுதுங்கள். 120ஒய், கரோலா கேஇ70, மினி, பழைய சிவிக். அதே குடும்பத்து என்ஜின் மாற்றியிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், கொள்ளளவுக்கு ஏற்ற பிரிவில் போடுங்கள். கார்புரேட்டர் கார்புரேட்டராகவே இருக்கட்டும், கம்ப்யூட்டர் வேண்டாம். அந்த இடத்தில் கறாராக இருந்தால் நானே கைதட்டுவேன்.

நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகாவையும் மறக்க வேண்டாம். 1985 ஜூலையில் வந்தது, நாற்பது வயதாகிவிட்டது. மிட்சுபிஷி லான்சர் பியோரேதான் மூலம் என்று இன்றும் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சாகா என்பது நாம் பல்லாங்குழி ஆடிய ஆனைக்குன்றிமணியின் மலாய்ப் பெயர். அந்தப் பெயரோடு ஒரு காடி கிளாசிக் பந்தயத்தில் ஓட வேறு எந்த நாட்டுக்குப் போவது?

அப்புறம் புள்ளிக் கணக்கு. இதுதான் சீசனின் உயிர். முதலில் வருபவனுக்கே எல்லாப் புள்ளியும் என்றால் மூன்றாவது சுற்றிலேயே சின்னக் காடிக்காரன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகப் புள்ளி கொடுத்து, அதையே கூட்டி மொத்தப் பட்டத்தை முடிவு செய்யுங்கள். நானாகச் சொல்லும் புதுமை இல்லை. பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை 1970, 71, 72 மூன்று வருஷமும் பில் மெக்கவர்ன் வாங்கியது ஒரு லிட்டர் பிரிவில் ஓடிய சன்பீம் இம்ப்பை வைத்து. முன்னால் பெரிய பெரிய அமெரிக்கக் காடிகள் பறந்துகொண்டிருந்தன, பட்டம் பின்னால் வந்த குட்டிக் காடிக்கு. அப்படி ஒரு முடிவை நம் ஜனங்கள் பார்க்க வேண்டாமா?

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்பாங் முழுச் சுற்று 5.543 கிலோமீட்டர், எஃப்1 காருக்கென்று கட்டியது. எங்கள் காடி ஒரு தடவை போய்த் திரும்பி வர மூன்று நிமிஷம் ஆகும். மேடையில் இருப்பவர் கச்சான் கொறித்து முடித்துவிடுவார். பாதையை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்து ஓட்டும் வசதி அங்கேயே இருக்கிறது. சின்னச் சுற்றில் விடுங்கள், காடிகள் கண்ணெதிரே அடிக்கடி வந்து போகும். பந்தயத்தைக் காலையில் முடித்துவிடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குமேல் அங்கே இடிமழை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வைப்பர் ஒழுங்காக ஓடும் 120ஒய்யை நான் இதுவரை பார்த்ததில்லை.

பாதுகாப்பில் மட்டும் எங்களுக்காக ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கி வராதீர்கள். கூண்டின் வெல்டிங் சரியில்லையா, பெல்ட் காலாவதியா, திருப்பி அனுப்புங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

கடைசியாக, சோதனைக் குழுவைப் பற்றி. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்ட் இடைவெளியைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்வார். அப்புறம் நான் பீலர் கேஜ் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டர், அப்படியே இருக்கும். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இந்தப் பக்கம் ‘உஸ்’, அந்தப் பக்கம் ‘உஸ்’, இரண்டும் ஒரே ஸ்ருதியில் வரும்வரை திருகைத் திருப்புவார். கையில் ஸ்க்ரூடிரைவர், கண் மூடியிருக்கும். பத்து தீகாவில் எந்தக் காடியில் என்ன மாட்டியிருந்தார்கள் என்று அவரைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார். பேப்பர் இல்லாத காடிகளுக்கு அவர் போன்றவர்கள்தான் பேப்பர். அவர்களில் இரண்டு மூன்று பேரை உங்கள் சோதனைக் குழுவில் உட்கார வையுங்கள். சம்பளம்கூடக் கேட்க மாட்டார்கள், போக்குவரத்துக் காசும் சாப்பாடும் போதும். ஆனால் சீக்கிரம் செய்யுங்கள். போன பொங்கலுக்கு ஐந்து பேர் பட்டறைக்கு வந்தார்கள். இந்தப் பொங்கலுக்கு மூன்று பேர்தான்.

120ஒய் இப்போது பட்டறையின் பின்புறம் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. கதவில் 47 என்ற எண்ணை இன்னும் அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை திறந்துதான் இருக்கும். விதி எழுதுபவர்களில் யாராவது வந்தால் ஏ15ஐ நானே கிளப்பிக் காட்டுகிறேன். முதல் கிளப்பலில் பிடிக்காது, இரண்டாவதில் பிடிக்கும்.

இப்படிக்கு,
செந்தூல் போர்மேன் ஒருவன்