வெளிமானுக்கு வேண்டியது புல்வெளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ஐஐடி வளாகத்தின் காட்டுயிர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அங்குள்ள மரங்களே முதலில் பாராட்டப்படுகின்றன. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைப் பிரித்து 1959இல் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 250 ஹெக்டேரில் பரந்திருக்கும் அவ்வளாகமும், அதை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்காவும் நகரத்தின் நடுவே இத்தனை காலம் தப்பிப் பிழைத்திருப்பது நம் நல்லூழ்தான். ஆனால் அங்கு வாழும் விலங்குகளில் அரிதான வெளிமானுக்கு அடர்ந்த மரநிழலால் பெரிய பயன் இல்லை.

புதரிலும் மரத்தடியிலும் ஒண்டி வாழப் பழகிய புள்ளிமானைப் போன்றதன்று வெளிமான். எதிரியைத் தொலைவிலேயே கண்டு, ஓட்டத்தாலேயே உயிர் பிழைக்கும் விலங்கு அது. ஆண் மான்கள் எல்லை வகுத்து இணை தேடுவதும் திறந்த வெளியில்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. எனினும், விலங்கைக் காக்கும் அந்த அக்கறை அது மேயும் புல்தரை வரை சென்று சேர்வதில்லை. எந்த வளாகத்திலும் புதிய கட்டடத்துக்கு இடம் தேடுவோர், மரத்தை வெட்டினால் எதிர்ப்பு எழும் என்பதால், 'சும்மா கிடக்கும்' வெட்டவெளியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அதற்கு ஈடாக மரக்கன்றுகள் நடுவதற்கும் எஞ்சியிருக்கும் புல்வெளியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. மரம் நடுவிழாவை யார்தான் குறை சொல்வார்கள்? ஆனால் வெளிமானின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இரண்டாவது இழப்பு.

நீர்நிலைகளின் நிலையும் இதுவே. வளாகத்து ஏரியைக் காண வருவோர் நடுநீரில் மூழ்கி எழும் முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் ரசிக்கிறார்கள். ஆனால் எந்த ஏரியிலும் உயிர்கள் மிகுதியாக நெருங்கி வாழ்வது கணுக்கால் அளவு நீர் நிற்கும் சேற்று விளிம்பில்தான். உள்ளான் அலகால் துழாவி இரை தேடுவதும், நத்தைகுத்தி நாரை நத்தைகளைப் பொறுக்குவதும், தாழைக்கோழி கோரைப் புற்களுக்கிடையே கூடு கட்டுவதும் அங்கேதான். அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்துவிட்டால், நீர் அப்படியே இருக்கும், இப்பறவைகளுக்கு இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிக் கோடைக்கு முன்பே வற்றிவிடும் சிறு குட்டைகளை நாம் இன்னும் குறைவாகவே மதிக்கிறோம். ஆண்டுதோறும் வற்றுவதால் அவற்றில் பெரும்பாலும் மீன்கள் நிலைப்பதில்லை. மீன்கள் இல்லாததாலேயே தலைப்பிரட்டைகள் தின்னப்படாமல் தவளைகளாக வளர்கின்றன. கொசுவுக்கு அஞ்சி இக்குட்டைகளை மண்ணிட்டு மூடுவோர், கொசுப் புழுக்களைத் தின்னும் தட்டான்களின் நீர்வாழ் இளம்பருவ உயிரிகளையும் சேர்த்தே மூடுகிறார்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை, தற்காலிகமாக நீர் நிற்கும் இடங்களையும் ஈரநிலங்கள் என்றே கணக்கில் கொள்கிறது. சற்றுத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அவ்வுடன்படிக்கையின்கீழ் 2022இல் ஏற்பு கிடைத்தபோது மகிழ்ந்த சென்னைவாசிகளாகிய நாம், ஒரு குட்டையையும் அதே கண்ணோடு பார்க்கலாமே.

ஆகவே, வளாகத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் புல்வெளிகளையும் பருவக் குட்டைகளையும் கட்டடமோ மரக்கன்றோ புகாத இடங்களாகக் குறித்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவற்றை அடையாளம் காண வெளியிலிருந்து வல்லுநர்கள் வரத் தேவையில்லை. பறவை நோக்கும் ஆர்வமுள்ள மாணவர்களே மழைக்காலத்தில் நடந்து சென்று பதிவு செய்துவிட முடியும். மற்றபடி, வளாகத்தைப் பொதுப் பூங்காவாகத் திறந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்தால் புல்லுக்குள் குட்டியை மறைத்துவிட்டு மேயும் மான்கள் மிரளும். பருவமழைக்குப் பிந்தைய வாரங்களில், மாணவர்கள் வழிநடத்த, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாக அனுமதித்தால் அதுவே போதுமானது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை.