செயலாளர் ஆண்டறிக்கை: ஓர்மாவோடு போன ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது கதை எழுதுவோர் வட்டத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஒரு மாதம் மட்டும், நமக்குச் சொல்லியிருந்த அறையை வேறொரு நிகழ்ச்சிக்கும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழக்கமான விஷயம் இவ்வளவுதான். மீதி முழுக்க, நாம் கற்பனையில் படைத்த பிராணியான ஓர்மா.

நாம் சேர்ந்து கட்டிவரும் கற்பனை உலகத்துக்கு மாயச் சக்தியுள்ள ஒரு வளர்ப்புப் பிராணி வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். இரண்டு கூட்டங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் கூட்டத்துக் குறிப்பை இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது. நெருப்பு உமிழும் பூனை, பறக்கும் நாய், காயத்தை நக்கியே ஆற்றிவிடும் கீரி. எல்லாவற்றுக்கும் சக்தி இருந்தது. அதை வீட்டில் வைத்திருப்பவருக்கு என்ன தொல்லை என்று யாருமே கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் அம்மா பழைய பாட்டுகளைக் கொண்டுவந்தார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், நிலவொளியை உண்ணும் சகோரம், துணை பிரிந்தால் வாழாத அன்றில் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். குறுந்தொகை 57-இல் வரும் மகன்றில் பறவை ஜோடிக்கு நடுவே ஒரு பூ வந்தாலே ஓராண்டு பிரிந்தது போல இருக்குமாம். அப்புறம் அவர், இசையில் மயங்குவதாகப் பழைய பாட்டுகள் சொல்லும் அசுணம் என்ற உயிரினத்தைச் சொன்னார். அகநானூறு 88-இல், யானையின் மதநீரில் மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழ் என்று எண்ணி மலைக்குகையில் இருக்கும் அசுணம் காதுகொடுக்கிறது. நற்றிணை 304-இல் தலைவனின் மார்பு இன்பமும் தருகிறது, துன்பமும் தருகிறது. அசுணத்தைக் கொல்பவர் கை போல. யாழை மீட்டி வரவழைப்பதும் அந்தக் கைதான், பறையை அறைந்து கொல்வதும் அந்தக் கைதான். அவர் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நெருப்புப் பூனை அன்றோடு ஒழிந்தது.

‘அசுணம் ஓர்க்கும்’ என்று பாட்டில் வருவதை வைத்தே ஓர்மா என்று பெயரிட்டோம். ஓர்த்தல் என்றால் கூர்ந்து கேட்டல், மா என்றால் விலங்கு. ‘ஒரு மாமரம் என்றும் படிக்கலாமே’ என்று ஒருவர் ஆட்சேபித்தார், பதிவு செய்துகொண்டேன்.

அசுணம் விலங்கா பறவையா என்று உரைகளிலேயே இரண்டு பக்கமும் பேச்சு உண்டு. நாம் விலங்கு என்று முடிவெடுத்தோம், பறவை என்றால் வாசகர் கிளி என்று சொல்லிவிடுவார் என்பதால். உள்ளங்கை அளவில் வைக்கலாம் என்ற யோசனையை, உயிரியல் படித்த நம் இளைய உறுப்பினர் தடுத்தார். உடல் சிறியதாக ஆக வெப்பம் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் மூஞ்சூறு நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கிறது. ஓயாமல் மென்றுகொண்டிருக்கும் பிராணி எப்படிக் கூர்ந்து கேட்கும்? சரி, பூனை அளவு. காதை அவரே கூகையிடமிருந்து எடுத்துக் கொடுத்தார். கூகையின் காதுத் துளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால்தான் கும்மிருட்டிலும் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரிகிறது. ஓர்மாவுக்கும் ஒரு காது ஏறி, ஒரு காது இறங்கி. அன்று முதல் வந்த படங்கள் எல்லாமே கோணலாகத்தான் இருக்கின்றன.

மாயம் என்ன என்பதில் மூன்று மாதம் போனது. கேட்ட குரலை அப்படியே திருப்பித் தரும் என்றோம். ‘மைனாவும்தான் தருகிறது’ என்றார் பொருளாளர். அவர் கேட்டது நியாயம். கடைசியில் நிலைத்த விதி இது: ஓர்மா தான் கேட்ட ஒலியை அதே குரலில், ஒரே ஒருமுறை திருப்பித் தரும். தந்ததும் அதை மறந்துவிடும். எப்போது, எந்த ஒலி என்பது அதன் இஷ்டம். கத்தல், சண்டை, கதவை அறைதல் இவற்றில் எது அதன் காதில் விழுந்தாலும் காய்ச்சல் வரும். முரசு பக்கத்தில் ஒலித்தால் செத்துப்போகும். ஆக, ஓர்மா இருக்கும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். இந்த வரியை யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். நம் உலகத்துக்கு உயிர் வந்தது அங்கேதான் என்பது என் கட்சி.

பெரிய தகராறு அதற்கப்புறம். 1959-இல் சைபீரியாவில் மரபியலாளர் திமித்ரி பெலியாயேவ் தொடங்கிய வெள்ளி நரிச் சோதனையைப் பற்றி ஓர் உறுப்பினர் பேசினார். மனிதரைக் கண்டு பயப்படாத நரிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். சாதுவான குட்டிகள் பிறந்தன. கூடவே சிலவற்றுக்குக் காது தொங்கியது, வால் சுருண்டது. அப்படியானால் மனிதர் வளர்க்க வளர்க்க ஓர்மாவின் காதும் தொங்கிவிடாதா? தொங்கினால் சண்டையைத் தாங்கும், ஆனால் எதையும் திருப்பித் தராது. நல்ல பிராணியாகிவிடும், ஓர்மாவாக இருக்காது. வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் சமம். தலைவர் தம் வாக்கைப் போட மறுத்துவிட்டார். எனவே நிமிர்காதி, தொங்குகாதி என்று இரண்டு இனங்களும் உலகில் இருக்கின்றன. சந்தையில் விலைபோவது தொங்குகாதிதான்.

கதைகள் மூன்றே வந்தன. வேட்டைக்காரனின் கதை பாட்டுக்கு விரிவுரை போல இருந்தது. தொங்குகாதிக் கதை நீளம். மூன்றாவதில், இறந்த கணவனின் குரல் தன் ஓர்மாவிடம் இருக்கும் என்று ஒரு பெண் பல வருடம் வாய்திறக்காமல் வாழ்கிறாள். ஒருநாள் அது தருகிறது. பேச்சு இல்லை, அவள் பெயர்கூட இல்லை. வாசலில் நின்று அவன் தொண்டையைச் செருமும் சத்தம். எழுதியவர் இதுவரை கூட்டத்தில் வாய்திறந்ததே இல்லை.

அடுத்த ஆண்டுக்கு விட்டுவைத்தவை: ஓர்மாவுக்கென்று சொந்தக் குரல் உண்டா, ஒரே அறையில் இரண்டு ஓர்மாக்கள் இருந்தால் என்ன ஆகும். இரண்டாவது கேள்வியை யாராவது சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தூக்கம் கெடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாடிப்படிக் கூட்டத்தன்று நம் உலக வரைபடத்தை யாரோ பத்திரமாக எடுத்துப்போயிருக்கிறீர்கள். தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். வடக்கு மலைக் குகைகள் எங்கே என்று எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்