பொதுக்குழாய் காட்டாத அடைப்பு

ஆசிரியருக்கு,

அணுத் துகள்களை மிக வேகமாக ஓடவைக்கும் துகள் முடுக்கி என்றதும் மைனஸ் 271 டிகிரிக் குளிரில் மின்தடையின்றி இயங்கும் மீக்கடத்திக் காந்தங்கள்தான் செய்தியாகின்றன. ஆனால் ஏராளமான முடுக்கிகளில் துகள் கற்றையை வளைப்பவை சாதாரணச் செம்புச் சுருள்கள். அவற்றைக் காப்பது உள்ளே ஓடும் அயனி நீக்கிய நீர். அந்த நீரை எங்கே அளக்கிறோம் என்பதில் அக்கறை போதவில்லை.

9 மி.மீ. சதுரச் செம்புக் கம்பி, நடுவே 5 மி.மீ. துளை, 500 ஆம்பியர், 20 வோல்ட் என்று ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 10 கிலோவாட். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் நீர் 1 கிலோவாட்டை வாங்கினால் 14.3 டிகிரி சூடேறும். ஏற்றம் 20 டிகிரிக்குள் நிற்க நிமிடத்துக்கு 7.2 லிட்டர் வேண்டும். சுமார் 135 மீட்டர் கம்பியையும் ஒரே பாதையாக விட்டால் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். நான்கு கிளையாகப் பிரித்தால் இரண்டரை பார் போதும். நீரும் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் கொந்தளித்து ஓடி வெப்பத்தை நன்றாக வாங்கும்.

பிரித்ததால் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. செம்பு ஆக்சைடுத் துகள் படிந்து ஒரு கிளையில் ஓட்டம் பாதியானால் அதன் நீர் 40 டிகிரி ஏறும். 25 டிகிரியில் நுழைந்தது 65-இல் வெளிவரும். எல்லாக் கிளைகளின் நீரும் சேரும் பொதுக்குழாயிலோ மொத்த ஓட்டம் 6.3 லிட்டர், வெப்ப ஏற்றம் 23 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஓட்டம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் துண்டிக்கும்படி அங்கே வைத்த ஓட்டச் சுவிட்ச் அசையாது. கிளை முழுவதும் அடைபட்டால் அந்தச் செம்பு மூன்று வினாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். ஐந்து நிமிடத்தில் சுருளின் எபாக்சிப் பிசின் மின்காப்பு கெடத் தொடங்கும் நிலைக்குப் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு கிளைக்கும், சூடு மிஞ்சினால் திறந்துகொள்ளும் தனி வெப்பச் சுவிட்ச் வேண்டும். அதை ரப்பர்க் குழாயில் கட்டக் கூடாது. நீர் நின்றுவிட்டால் சூடு அங்கே வந்து சேராது. நீர் வெளியேறும் முனையில், செம்பின் மேலேயே இறுக்க வேண்டும். எல்லாச் சுவிட்சுகளும் தொடராக இணைந்து, எது திறந்தாலும், கம்பியே அறுந்தாலும், பவர் சப்ளை நிற்க வேண்டும்.

மீக்கடத்திக் காந்தங்களிலும் பாடம் இதேதான். 2008 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவி என்ற முடுக்கியில் இரு காந்தங்களுக்கு இடையிலான ஒரே ஓர் இணைப்பு பழுதாகி, மின்வில் பாய்ந்து, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் டன் கணக்கில் வெளியேறியது. அந்த இணைப்பின் மின்தடை சுமார் 220 நானோ ஓம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 7,000 ஆம்பியரில் அது தரும் வெப்பம் 11 வாட்டுக்கும் குறைவு, வோல்டேஜ் ஒன்றரை மில்லிவோல்ட். பிறகுதான் இணைப்புகளைத் துண்டு துண்டாகக் கண்காணிக்கும் நுண்ணிய அமைப்பைச் சேர்த்தார்கள்.

செம்புச் சுருளுக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு கிளையின் திரும்பு குழாயையும் கழற்றி, அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்தால் போதும். நான்கும் 1.8 லிட்டரை ஒட்டி வர வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் முதலில் காற்று அடைத்திருக்கிறதா, வடிகட்டி அழுக்கா என்று பாருங்கள். பிறகே மென்மையான அமிலக் கழுவல். சுவிட்ச் அடிக்கடி துண்டிக்கிறது என்று அதன் குறுக்கே கம்பி போட்டு ஓட்டுவது மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம்.

இப்படிக்கு,
காந்தக் குளிரூட்டும் பணியில் உள்ள வாசகர்கள்